கேனி ஓடையின் ஒற்றைச் சேவல்

நெருங்கி உட்காருங்கள், தங்கங்களே. கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொள்ளுங்கள். கூவாத ஒரு சேவலைத் தேடி ஒரு பள்ளத்தாக்கே அலைந்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவில் நெஞ்சை எங்காவது பிசைந்தால், அதுவும் கதையில் சேர்ந்ததுதான்.

கென்டக்கி மலைக்குள்ளே கேனி ஓடை ஓடுகிற பள்ளத்தாக்கில் லூடி ஸ்லோன் என்று ஒருத்தி. அறுபதைத் தாண்டியவள். அவள் புருஷன் எஸ்டில், வாலிபம் முழுக்கச் சுரங்கத்தில் கரி வெட்டியவன். அவன் கரியை விட்டாலும் கரி அவனை விடவில்லை. நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. மூக்கில் குழாய், கூடவே ஆக்சிஜன் உருளை. நாலு படி ஏறினால் உட்கார வேண்டும்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலை லூடி தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கம் போனாள். ஓட்டெல்லாம் விழுந்து முடிந்ததும் யந்திரம் ஒரு நீளச் சீட்டைத் துப்பும். அதைக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று அதில் இருக்காது, எந்தப் பக்கம் எத்தனை என்று மட்டும்தான். பெரிய ஊரென்றால் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கேனி ஓடையில் ஓட்டுப் போடுகிறவர்களே எழுபது சொச்சம் பேர். எல்லோருக்கும் எல்லோரையும் பால்பல் விழுந்த காலத்திலிருந்து தெரியும்.

சீட்டில் அதிபருக்கென்று போட்டிருந்த இடத்தில் குடிலுக்கு எழுபத்தொன்று. சேவலுக்கு ஒன்று.

லூடி இரண்டு தடவை படித்தாள். பிறகு யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படி ஏன் பார்த்தோம் என்று அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது.

அந்த ஊர் ஓட்டுச்சீட்டில் ஒரு கட்சிக்குச் சேவல், மற்றதற்கு மரக்குடில். சீட்டின் உச்சியில் இரண்டு படமும் இருக்கும். சேவலுக்குப் பக்கத்து வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும், அதிபர் தொடங்கி அடிமட்டம் வரைக்கும் சேவலில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஓட்டு விழுந்துவிடும். அதற்குத் 'தலையில் குத்துவது' என்று பெயர். அப்படி வேண்டாமென்றால் கீழே இறங்கி, ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் குத்திக்கொண்டே வர வேண்டும்.

லூடி கல்யாணமாகி அங்கே வந்தபோது கேனி ஓடையில் தலையில் குத்தாத ஆள் கிடையாது. எல்லாம் சேவல். சுரங்கத் தொழிலாளர் சங்கம் எந்தப் பக்கமோ ஊரே அந்தப் பக்கம். எஸ்டிலின் அப்பா சங்கத்துக்காக மறியலில் நின்று மண்டை உடைபட்டவர். "சேவலைத் தவிர வேற எதுலயும் உங்க மை படக்கூடாது" என்று சாகக் கிடந்தபோதும் பிள்ளைகளிடம் சொன்னவர். லூடி வந்த முதல் தேர்தலில் குடிலுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. முடிவெட்டுகிற ஹோபர்ட்டாகத்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவனிடம் முடிவெட்டுவதை நிறுத்தினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் ஆண்பிள்ளைகள் எல்லாரும் தோள்வரை முடி தொங்கத் தீர்க்கதரிசிகள் போலத் திரிந்தார்கள். ஹோபர்ட் கத்திரியைச் சுருட்டிக்கொண்டு ஓஹாயோ பக்கம் போய்விட்டான். போட்டது அவன்தானா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் குடிலுக்கு நாலு விழுந்தது. அடுத்த தடவை பதினொன்று. சுரங்கத்தின் வாயை மூடியபோது பழி சேவல் கட்சிமேல் விழுந்தது, குடிலுக்குப் பாதி ஊர். பிள்ளைகள் பிழைப்புத் தேடி மலையை விட்டு இறங்கியபோது பாதிக்கு மேல். சங்கக் கட்டடத்தின் கூரை சரிந்தபோது அதைத் தூக்கி நிறுத்த ஆள் வரவில்லை. சேவலைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர்களும் ஒவ்வொருவராகக் குன்றின்மேல் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓடை தன் தடத்தை மாற்றிக்கொள்கிற மாதிரிதான். இன்ன நாளில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. மாறிய பிறகு எப்போதுமே அப்படித்தான் இருந்தோம் என்பது போல் நடந்துகொண்டார்கள். ஹோபர்ட் பேச்சு எழுந்தால், "நல்ல மனுஷன், அப்பவே புத்தி இருந்துச்சு" என்றுகூடச் சொல்வார்கள்.

ஆனாலும் உள்ளூர்க் காரியம் வேறு. ஷெரீப், ஜெயிலர் என்று கவுண்டி, அதாவது ஜில்லா, பதவிகளுக்கு நிற்கிறவர்கள் பாட்டன் காலத்திலிருந்து சேவலில்தான் நிற்பார்கள். "ஊருக்குச் சேவல், நாட்டுக்குக் குடில்" என்பது அங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்த வருஷம் பழைய ஜெயிலர் கோடையில் கண்ணை மூடிவிட்டார். அவர் இடத்துக்கும் அதிபர் தேர்தலோடு சேர்த்தே ஓட்டு வந்தது. எஸ்டிலின் அக்கா வில்டாவின் மகன் டென்வர் சேவலில் நின்றான், ஜெயித்தும் விட்டான். வில்டா வீடு வீடாகக் கேக் கொண்டுபோய்க் கொடுத்து மகனுக்கு ஓட்டுக் கேட்டவள். வாசலில் குடில்காரருக்குப் பெரிய பலகை நட்டு வைத்தவளும் அவள்தான்.

அன்று பர்ல் என்பவனின் கடையில் கூட்டம். பெட்ரோல் பம்பும் அவனுடையதே, பள்ளத்தாக்குக்கு வேறு கடையும் கிடையாது.

"ஒண்ணே ஒண்ணு! எந்த வீட்டு முட்டையில பொரிச்சுதோ," என்றான் பர்ல்.

"இளிக்காத பர்ல்," என்றாள் வில்டா. "நம்ம கூடவே உக்காந்து தின்னுட்டு, ஒளிஞ்சு நின்னு குத்தியிருக்கு பாரு அந்தக் கை. தைரியமாச் சொல்லிட்டுப் போட்டிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?"

"சொல்லியிருந்தா விட்டுருப்பியாக்கும்."

"விட்டிருக்க மாட்டேன். ஆனா மரியாதையா விட்டிருக்க மாட்டேன்."

கடையே சிரித்தது. லூடியும் சிரித்தாள், ஆனால் கண் ஒவ்வொரு முகமாகப் போய்வந்தது. யார் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறார்கள், யார் காப்பிக் கோப்பைக்குள் பார்க்கிறார்கள். மற்றவர்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் வில்டா. "நாம எல்லாம் இங்க பொறந்து வளந்தவங்க. வெளிய இருந்து வந்தது யாரு?"

ஒருத்திதான் இருந்தாள். நர்ஸ் கொலீன். இரண்டு வருஷத்துக்கு முன் ஓஹாயோவிலிருந்து வந்தவள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை, ஓடைக்கரையில் பழைய வீடொன்றை வாங்கிக் குடியிருப்பு. சுரங்கக்காரர்கள் வீட்டுக்கே போய் நெஞ்சைச் சோதித்து, குழாய் மாற்றி, மருந்து பார்த்துக் கொடுப்பாள்.

"அவ கார்ல கூட ஏதோ ஒட்டியிருக்கு," என்றது ஒரு குரல்.

"அது நாயைக் காப்பாத்துங்கன்னு ஒட்டியிருக்குடா."

"நாயைக் காப்பாத்துறவ வேற எதுக்குப் போடுவா?"

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாயிற்று.

அன்றிலிருந்து கொலீன் கதவைத் தட்டினால் உள்ளே ரேடியோச் சத்தம் கூடியதே தவிரக் கதவு திறக்கவில்லை. அவள் கார்க் கண்ணாடியில் ஒரு நாள் சேவல் இறகு செருகியிருந்தது. பர்லின் கடையில் அவள் கார் நின்றதும் பம்பு வேலை செய்யாமல் போயிற்று. பெட்ரோலுக்கு மலை தாண்டிப் போய்வந்தாள்.

லூடிக்கு ஒரு பழைய குளிர்காலம் ஞாபகம் வந்தது. கொலீனுக்கு முன்னால் இருந்த நர்ஸ் வேலையை விட்டுப் போனபோது, புது ஆள் வர ஒரு குளிர்காலமே ஆயிற்று. அந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு காலை எஸ்டிலின் உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி நீலமாகிப் போனது. ஆம்புலன்ஸ் பனியில் மலையேற முடியாமல் நின்றுவிட்டது. லூடி அவனைத் தங்கள் வண்டியில் தூக்கிப் போட்டு, ஒரு கையால் அவன் சட்டையையும் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டு போனாள். இன்னொரு தடவை அவனுக்கும் தாங்காது, அவளுக்கும் தாங்காது. கொலீன் இருக்கும்வரைதான் எஸ்டிலுக்கு மூச்சு.

அப்படியானால் போட்டது யார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் போதுமே? அங்கேதான் லூடியின் கால் பின்வாங்கியது. ஏனென்றால் அவள் மனசுக்குள் ஒரு பெயர் இருந்தது. அது அவள் கட்டிலில் படுக்கிறவன் பெயர்.

ஓட்டுச்சாவடியில் மறைப்புக்குள் எஸ்டில் நின்றபோது உருளையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவள் அவள்தான். குழாய் எட்டுகிற தூரத்தில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஆட்கள் வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். எஸ்டிலின் முழங்கை வெகுநேரம் அசையவே இல்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "குளிர் காத்து" என்றான். உள்ளே காற்றே இல்லை. அதற்கு முன் இரண்டு தேர்தலிலும் அவன் இப்படி நிற்கவில்லை. மண்டை உடைபட்ட அப்பாவின் பிள்ளை கடைசியில் அப்பாவிடமே போய்விட்டானா? ஊருக்குத் தெரிந்தால் நர்ஸுக்குச் சாத்திய கதவையெல்லாம் தன் வீட்டுக்கும் சாத்துவார்கள். பனி கொட்டினால் பாதை வெட்டிவிட யார் வருவார்கள்? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தூக்கிக்கொண்டு வருகிற கை யாருடையது?

அதனால் அவள் புருஷனை வேவு பார்த்தாள். வில்டாவின் தேடுதலைப் பற்றிப் பேச்செடுத்தால் அவன் உதட்டோரம் ஏன் துடிக்கிறது? அப்பாவின் சங்கச் சின்னத்தை எதற்கு அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தான்? ஒரு காலை, அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது, கரண்டியோடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எஸ்டில், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீதானா?"

"எது?"

"எதுன்னு தெரியாதவன் மாதிரி."

அவன் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இருமல் வரும். இருமி முடிகிற வரைக்கும் அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான் சேவலுக்கும் போடல, குடிலுக்கும் போடல, லூடி. டென்வருக்கு மட்டும் குத்திட்டு, பிரசிடென்டு வட்டத்தை வெறுமனே விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"பேனாவைக் குடில் பக்கம் கொண்டுபோனா அப்பா வந்து நிக்கிறாரு, தலையில கட்டோட. சேவல் பக்கம் கொண்டுபோனா மூடின சுரங்க வாசல் வந்து நிக்குது. ரெண்டு பேரும் என்னையே பாக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அவ்ளோ நேரம் நின்னது எதுவும் போடாம வர்றதுக்கா?"

"போடறதுக்கு ஒரு நிமிஷம் போதும். போடாம இருக்கத்தான் நேரமாவும்."

லூடி அவன் முகத்தையே பார்த்தாள். எஸ்டில் பொய் சொன்னால் காது மடலைத் தடவுவான், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். இப்போதும் கை காதுக்குப் போயிற்று. ஆனால் காதைச் சுற்றிக் குழாய் மாட்டியிருக்கிறதே. தடவுகிறானா, குழாயைச் சரிசெய்கிறானா? கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் போய்ப் பீன்ஸைக் கிளறினாள். நம்பவில்லை. ஒளிந்து போட்ட ஒரு ஓட்டுக்குப் பொய்யும் சொல்கிறான் என்று ஆத்திரம் வேறு.

அந்த வாரம் கொலீன் வந்தபோது எஸ்டிலின் முதுகில் கருவியை வைத்துக் கேட்டாள், குழாயை மாற்றினாள், உருளையின் திருகைப் பார்த்தாள். எல்லாம் முடித்துப் பையை மூடிவிட்டு, வாசலில் லூடியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இடமாற்றம் கேட்டிருக்கேன் லூடிம்மா. நன்றித் திருநாள் முடிஞ்சு செவ்வாக்கிழமை கெளம்பறேன்."

"அடிப் பொண்ணே, அதுக்குள்ளயா? உனக்குப் பதிலா யாரு?"

"யாரையாவது போடுவாங்க. எப்பன்னு தெரியல." அவள் கையுறையை இழுத்து இழுத்து மாட்டினாள். "ஏழு வீடு என்னை உள்ள விடல. அதுல ரெண்டு பேருக்கு நெஞ்சு எஸ்டிலை விட மோசம். கதவுக்கு அந்தப் பக்கம் இருமற சத்தம் கேக்குது, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். என்னால முடியல."

லூடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு, என்கிட்ட மட்டும் சொல்லு. நீ யாருக்குப் போட்ட?"

கொலீன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. "நீங்க எல்லாரும் போட்ட ஆளுக்குத்தான். எங்கப்பா ஓஹாயோவுல டிராக்டர் ரிப்பேர் பண்றவரு. எங்க வீட்லயும் குடில்காரங்கதான்."

"அடக் கடவுளே! இதைச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க."

"நீங்க நம்பறீங்களா?"

அந்தக் கேள்விக்கு லூடி சட்டென்று ஆமாம் சொல்லவில்லை. கொலீன் அதைக் கவனித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நன்றித் திருநாள் விருந்து. அதற்கு முந்தின நாள் லூடி மனசைக் கல்லாக்கிக்கொண்டு வில்டா வீட்டுக்குப் போனாள். வில்டா சமையலறையில் அடுக்குக் கேக் செய்துகொண்டிருந்தாள். மெல்லிய அடுக்கு ஒன்று, அதன்மேல் உலர்ந்த ஆப்பிளை வேகவைத்த கூழ், மறுபடி ஒரு அடுக்கு.

"அக்கா, கொலீன் போறா."

"போகட்டும். வந்த வழி தெரியும்ல."

"எஸ்டில் மூச்சுக்கு யாரு வழி?"

வில்டாவின் கரண்டி ஒரு கணம் நின்றது. "எந்தம்பிய நான் பாத்துக்குவேன்."

"எதை வச்சு? அடுக்குக் கேக்கை வச்சா?"

"வாய் நீளுதுடி உனக்கு." வில்டா திரும்பினாள். கண்ணைச் சுருக்கினாள். "நீ ஏன் அவளுக்கு இவ்ளோ வக்காலத்து? ஓட்டுப் போட்ட அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம். நான் வந்தப்பவும் நீ உள்ள நின்னுட்டிருந்த, போனப்பவும் நின்னுட்டிருந்த. அவ்ளோ நேரம் என்னத்தடி படிச்ச?"

லூடிக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. எஸ்டிலை அல்ல, தன்னையே சந்தேகப்படுகிறாள்!

"படிக்காம எப்படிக் குத்தறது? பிரசிடென்டுக்குக் குடில், அப்புறம் செனட்டு, அப்புறம் ஜட்ஜு, பின்பக்கம் திருப்பி எங்கயோ கடைசியில டென்வர். ஒவ்வொண்ணா இறங்கி வரணுமே."

"எனக்கு எல்லாம் அந்தப் பாடில்ல. நான் வண்டிய அணைக்கக்கூட இல்ல தெரியுமா? போனேன், வந்தேன். எங்கப்பா சொல்லிக்குடுத்த மாதிரி தலையில ஒரே குத்து. எம்புள்ளைய நெனச்சேன், சேவலைக் கருப்பாக்கினேன், யந்திரத்து வாயில குடுத்துட்டு வந்துட்டேன்."

அடுப்பில் ஆப்பிள் கூழ் பொத் பொத்தென்று கொப்புளம் விட்டது.

"என்னடி முழிக்கற?"

"தலையிலயா அக்கா?"

"தலையிலதான்."

"அப்புறம் கீழ இறங்கி பிரசிடென்டுக்குத் தனியாக் குத்தினியா?"

"எதுக்கு?"

"சேவல் தலையில குத்தினா அதுக்குக் கீழ இருக்கற எல்லாருக்கும் விழுந்துடுமே."

"விழட்டுமே. டென்வரு கீழதான இருக்கான்."

"மேல யாரு இருக்கா?"

வில்டா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கணக்குத் தப்பாக வந்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி. "பிரசிடென்டு வேற. அது நாட்டுக்கு. சேவல் ஊருக்கு. நான் எந்தப் பக்கம்னு உலகத்துக்கே தெரியும். வாசல்ல பலகை நட்டிருக்கேன்ல?"

"பலகைய எண்ண மாட்டாங்க அக்கா."

கரண்டியிலிருந்து கூழ் சொட்டியது. மேசைமேல், செருப்புமேல், தரைமேல். வில்டா துடைக்கவில்லை. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தாள்.

"நானா?" என்றாள். மறுபடியும், "அடி லூடி. நானா?" என்றாள்.

முதல் தேர்தலிலிருந்து அந்தக் கைக்குச் சேவலின் தலை பழக்கம். போன இரண்டு அதிபர் தேர்தலிலும் ஊர்க்காரர் யாரும் நிற்காததால் குடிலின் தலையில் குத்திவிட்டு வந்தாள். இந்தத் தடவை பெற்ற பிள்ளை நின்றான். கை, தெரிந்த இடத்துக்குத் தானாகப் போய்விட்டது. அவளோ, ஓட்டும் பழமொழி மாதிரியே ஊருக்கொன்று நாட்டுக்கொன்று என்று தன்னால் பிரிந்து விழும் என்று நினைத்திருக்கிறாள்.

வில்டா தலைநிமிர்ந்தபோது முகத்தில் வெட்கம் போய்ப் பயம் வந்திருந்தது. "வெளிய சொல்லுவியா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா எந்தம்பி எந்தம்பிங்கறியே, அவன் மூச்சு நின்னா அன்னைக்கு நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது அக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒரே எலும்பைப் பார்த்த இரண்டு நாய்கள் மாதிரி. பிறகு லூடி கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எஸ்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது நெசம்தான்."

"எது?"

"எதுன்னு தெரியாதவன் மாதிரி," என்றாள். ஆனால் இந்தத் தடவை கையில் கரண்டி இல்லை. அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவள் கை குளிர்ந்திருந்தது. அதை எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கோழியும் மாவுருண்டையும், சோளரொட்டி, பீன்ஸ், இனிப்புத் தேநீர் என்று மேசை நிறைந்திருந்தது. கொலீனும் வந்திருந்தாள், எஸ்டிலுக்கு மாற்றுக் குழாய் கொடுத்துவிட்டுப் போக. பாதிரியார் வற்புறுத்தியதால் ஒரு தட்டோடு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. லூடி எழுந்து அங்கே போக நினைத்தாள். எழுபது ஜோடிக் கண் தன்மேல் திரும்புமே என்ற நினைப்பில் கால் எழவில்லை. அதுவும் நடந்ததுதான், மறைப்பானேன்.

அப்போது வில்டா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் வாயில இருக்கறத முழுங்குங்க. அந்தச் சேவல் என்னுது."

முள்கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது.

"எம்புள்ளைக்குப் போடறேன்னு தலையில குத்திட்டேன். பிரசிடென்டும் சேந்து விழுந்துட்டாரு. அந்தப் பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவ்வளவுதான். இப்பத் தின்னுங்க."

பர்ல்தான் முதலில் வாயைத் திறந்தான். "தேடினவ மடியிலயே திருட்டுக்கோழியா!"

சிரிப்பு வெடித்தது. பிறகு அது பாதியிலேயே தேய்ந்தது. ஒரு கிழவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "வில்டா போயி சேவலுக்கா? ஏம்மா, யாரைக் காப்பாத்தப் பாக்கற?" என்றார்.

அத்தனை கண்ணும் டென்வர் பக்கம் திரும்பின. புது ஜெயிலர் பாவம், வாய்நிறைய மாவுருண்டையோடு காது நுனிவரை சிவந்தான். சிவந்தது போதாதா?

"பெத்த மனசு," என்றாள் ஒருத்தி, பரிதாபமாக.

"அட, நான்தான்யா!" என்று கத்தினாள் வில்டா. "எத்தனை தடவ சொல்றது? என் கை! இந்தக் கை!"

அவள் சத்தியம் பண்ணப் பண்ண, ஊர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னவளை ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் என்ன, சந்தேகம் கொலீன் மேசையை விட்டு எழுந்துவிட்டது. அதற்கு உட்கார வேறு இடம் கிடைத்துவிட்டது.

வில்டா தோற்றுப்போய், கேக்கில் பெரிய துண்டாக ஒன்று வெட்டி எடுத்துக்கொண்டு நேரே கொலீனின் எதிரே போய் உட்கார்ந்தாள். மேசை ஆடியது.

"தின்னு. உம்மேல நான் சொன்னது பொய். தெரியாமச் சொன்னேன், ஆனாலும் பொய்."

கொலீன் கேக்கைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் கலக்கலையே?"

"கலந்திருந்தா இவ்ளோ பெரிய துண்டு வெட்டுவேனா? வீணாப்போவும்ல."

அதற்குப் பிறகு லூடியும் எழுந்தாள். எஸ்டிலைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அதே மேசைக்குப் போனாள். பர்ல் தட்டோடு அந்தப் பக்கம் வந்து, யாரையும் பார்க்காமல், "பம்பு சரியாயிடுச்சும்மா. தானாவே," என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

செவ்வாய்க்கிழமை கொலீன் போகவில்லை. "வசந்தம் வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாக்கலாம்," என்றாள். முழு வாக்கு இல்லை. ஏழு வீட்டில் ஐந்து திறந்தன, இரண்டு இன்னும் திறக்கவில்லை. கொலீனும் இப்போதெல்லாம் கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு கணம் நின்று காதுகொடுக்கிறாள். முன்பு அப்படி நிற்க மாட்டாள்.

அந்த வாரம் லூடி வீட்டுக்கு வந்தவள் எஸ்டிலின் சட்டையைத் தூக்கிக் கருவியை முதுகில் வைத்தாள். "இழுங்க," என்றாள். அவன் இழுத்தான். "விடுங்க." விட்டான். குழாயில் காற்று சீறியது. வெளியே முதல் பனி விழத் தொடங்கியிருந்தது.

"லூடிம்மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் கொலீன், திரும்பாமலே. "அன்னைக்கு வாசல்ல நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீங்கல்ல?"

"உன்னை மட்டுமா? கட்டினவனையே பட்டேன்."

"பட்டியா?" என்றான் எஸ்டில்.

"நீ மூச்சை இழு," என்றாள் லூடி.

அவன் இழுத்தான். நீளமாக, கரகரவென்று, ஆனால் முழுசாக. கொலீன் தலையசைத்தாள். அந்தக் குளிர்காலத்துக்கு அது போதும்.

போய் வாருங்கள், தங்கங்களே. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு முட்டாமல் வரட்டும். உங்கள் கதவைத் தட்டுகிற கை நல்ல கையாக இருக்கட்டும், திறக்கிற கையும் நல்ல கையாக இருக்கட்டும். ஒரே மேசையில் உண்கிறவர்கள் ஒருவர் தட்டை ஒருவர் வேவு பார்க்காமல் வயிறாரச் சாப்பிட்டு, பனிக்காலம் முழுக்கக் கதகதப்பாக வாழட்டும்.